விழுங்கிய எலியை மூன்றாவது முறையும் கக்கிவிட்டது!

தென்சென்னையில் அம்மாவுடன் வசிக்கும் 27 வயது ஐ.டி. ஊழியர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவரிடம் இரண்டரை வயதுப் பெண் பால் பைத்தான் (மலைப்பாம்பில் ஒரு வகை) ஒன்று இருக்கிறது. பெங்களூருக்கு வேலை மாறிப் போன நண்பர் போன வருடம் கொடுத்துவிட்டுப் போனது. வாங்கியதற்கோ பதிவுக்கோ காகிதம் எதுவும் கிடையாது. வாரம் ஒரு வெள்ளை எலி சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தது. மூன்று மாதம் முன்பு இவருக்கு நைட் ஷிப்ட் வந்தது. பகலில் தூங்க வேண்டும் என்பதால் படுக்கையறை ஏசி காலை எட்டிலிருந்து மாலை வரை 22 டிகிரியில் ஓடுகிறது. பாம்பின் கண்ணாடித் தொட்டியும் அதே அறையில். அடியில் ஹீட் மேட் ஒட்டியிருக்கிறார். தொட்டிச் சுவரில் ஒட்டிய வட்ட மீட்டர் எப்போதும் 28 காட்டுவதால் சூட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கடையில் சின்ன எலி கிடைக்காததால் 110 கிராம் எலி வாங்கிப் போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் அப்படியே கக்கிவிட்டது. ‘பாவம், பசிக்குமே’ என்று மூன்று நாளில் இன்னொன்று. அதுவும் இரண்டாம் நாள் வெளியே வந்தது. பத்து நாள் கழித்து, ஃப்ரீசரில் வைத்திருந்த எலியைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் போட்டுக் கொடுத்தார். இந்த முறை நான்காம் நாள், பாதி கரைந்து, வீடே நாறும்படி வந்தது. எடை 640 கிராமிலிருந்து 545-க்கு இறங்கிவிட்டது. நடுவில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, 400 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் (கிருமிக்கொல்லி) மாத்திரையில் கால்வாசியைப் பொடித்து சிரிஞ்சில் வாய்க்குள் விட்டிருக்கிறார். அம்மா தன் பங்குக்கு ஒரு கிண்ணம் பால் வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் நண்பர்கள் வந்து பாம்பைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

கேள்விகள் மூன்று: “இது கிரிப்டோ (பாம்பின் இரைப்பையைத் தாக்கும் ஒட்டுண்ணி) நோயா டாக்டர்? காகிதம் இல்லாத பாம்பை டாக்டரிடம் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வேனா? என்னால் முடியவில்லை என்றால் ஏதாவது காட்டில் விட்டுவிடலாமா?”

தம்பி, மூன்றாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில்: கூடவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் முன்னால் உங்கள் ஏசியைப் பற்றிப் பேச வேண்டும். கிரிப்டோவைத் தேடி இணையத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். ரிமோட்டை யாரும் சந்தேகப்படவில்லை.

நமக்கு அடுப்பு உடம்புக்குள்ளேயே எரிகிறது. பாம்புக்கு அடுப்பு வெளியே இருக்கிறது. எலியை விழுங்கிய பாம்பு சூடான இடம் தேடிப் போய்ச் சுருண்டுகொள்வது சோம்பலால் அல்ல. அந்தச் சூடு இருந்தால்தான் செரிமானமே தொடங்கும். வெறும் வயிற்றில் இருக்கும் மலைப்பாம்பின் இரைப்பையில் அமிலம் கிட்டத்தட்டக் கிடையாது. இரை உள்ளே போன ஒரே நாளில் அது எலும்பைக் கரைக்கிற அளவுக்குக் கடுமையாகிறது. பர்மிய மலைப்பாம்புகளை வைத்து நடந்த ஆய்வுகளில், பெரிய இரை விழுங்கிய இரண்டு நாளில் இதயம் 40 சதவீதம் வரை பெருத்தது. சிறுகுடலின் எடை இரண்டு மடங்கானது. இத்தனை வேலைக்கும் வெளியிலிருந்து சூடு வர வேண்டும். வராவிட்டால் உள்ளே இருக்கும் எலி செரிப்பதற்குள் அழுக ஆரம்பிக்கும். அழுகும் எலியை வயிற்றில் வைத்திருப்பதைவிட வெளியே தள்ளுவதுதான் பாம்புக்குப் பிழைக்கும் வழி. அதாவது உங்கள் பாம்பு முதல் இரண்டு தடவையும் சரியான முடிவைத்தான் எடுத்திருக்கிறது.

பால் பைத்தான் கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வெப்பத்தில் வாழும் பாம்பு. தொட்டியின் சூடான பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி இருக்க வேண்டும்; குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. எந்த நேரத்திலும் 24-க்குக் கீழே போகக் கூடாது. மேலே வலை போட்ட கண்ணாடித் தொட்டி, 22 டிகிரி அறையில், தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத ஹீட் மேட்டோடு ஒருநாளும் இந்தக் கணக்குக்கு வராது. ‘28 காட்டுகிறதே’ என்பீர்கள். அந்த வட்ட மீட்டர் இருப்பது சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே. பாம்பு சுவரில் படுப்பதில்லை. போன மார்கழியில் என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பையன், மீட்டர் 30 காட்டுகிறது என்று சத்தியம் செய்தான். தொட்டியையே கொண்டுவரச் சொன்னேன். மீட்டர் ஒட்டியிருந்த இடத்துக்கு நேர் பின்னால் பல்பு. பாம்பின் வயிறு படும் இடத்தில் கம்பி சென்சாரை வைத்தால் 23.

மீன் தொட்டிக் கடைகளில் கம்பி வைத்த டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கும், விலை அதிகமில்லை. இரண்டு வாங்குங்கள். ஒன்றின் முனையைச் சூடான பக்கத் தரையிலும் இன்னொன்றைக் குளிர்ந்த பக்கத்திலும் வையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை எடுத்துக் காட்டாதீர்கள். அது மனிதக் காய்ச்சலுக்குச் செய்தது, 32-க்குக் கீழே பெரும்பாலும் ‘லோ’ என்றுதான் சொல்லும். ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லாவிட்டால் ஏசி ஓடும்போது போதாத சூடும், ஏசி நின்றதும் வயிறு வெந்துபோகும் சூடும் மாறி மாறி வரும். எல்லாவற்றையும்விட எளிய வழி, தொட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிடுவது. சென்னையின் வெப்பத்தை நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பாம்புக்கு அது தாய்வீடு.

ஏசியால் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று காய்ந்துவிடும். ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் வேண்டிய பாம்பு நாள் முழுக்க வறண்ட காற்றில் கிடந்தால் உடம்பில் நீர் குறையும், செரிமானம் இன்னும் மந்தமாகும். தோல் சுருக்கம் விழுந்தது போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எடை இறங்கியதோடு இதுவும் சேர்ந்திருக்கலாம்.

எலியின் எடை, பாம்பின் எடை

640 கிராம் பாம்புக்கு 110 கிராம் எலி என்றால் 17 சதவீதம். வளரும் பால் பைத்தானுக்கு உடல் எடையில் 10 சதவீதத்தை ஒட்டிக் கொடுத்தாலே தாராளம். ‘வாய் எவ்வளவு பெரிதாகத் திறக்கிறதோ அவ்வளவு விழுங்கும்’ என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். விழுங்கும். விழுங்குவதும் செரிப்பதும் ஒன்றல்ல. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த யாருக்கும் இது தெரியும். பாம்பின் உடம்பில் தடித்த இடம் எதுவோ, எலி அதைவிடப் பருமனாக இருக்கக் கூடாது என்பது சமையலறைத் தராசு இல்லாதவர்களுக்கான கணக்கு.

மூன்றாவது எலி விஷயம் வேறு. ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் என்றால், ரோமமும் தோலும் சூடாகியிருக்கும், வயிற்றுக்குள் ஐஸ் அப்படியே இருந்திருக்கும். முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள் (தனி டப்பாவில், அம்மா பார்க்காத மூலையில்). மறுநாள் கவருக்குள் போட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் வைத்து, எலியின் வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. மைக்ரோவேவ் வேண்டாம். உயிரோடு போடுவதும் வேண்டாம்; பசியில்லாத பாம்போடு ஒரு ராத்திரி அடைபட்ட எலி அதன் முதுகைக் கடித்துக் குதறியதை நான் தைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை நண்பர்கள்

இரை விழுங்கிய பாம்பைத் தூக்கினால் கக்கும். வயல் வரப்பில் தவளை விழுங்கிய சாரையைத் துரத்தியவர்கள் பார்த்திருப்பீர்கள்: இரையைக் கக்கிவிட்டு, உடம்பு லேசானதும் ஓடிவிடும். உங்கள் பாம்புக்கு அந்தப் புத்தி போய்விடவில்லை. நீங்கள் வெள்ளி ராத்திரி எலி போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை படம் எடுக்க வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கக்குகிறது. இதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை. இரை போட்டபின் குறைந்தது 48 மணி நேரம் யாரும் தொடக் கூடாது, பெரிய இரை என்றால் வயிற்று மேடு மறையும்வரை. இப்போதைக்கு, பாம்பு தேறும்வரை, தராசில் வைக்கவும் தொட்டியைக் கழுவவும் தவிர வேறெதற்கும் எடுக்காதீர்கள். உடம்பு முழுக்க நுழைந்து மறைந்துகொள்ளும்படி இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். கவிழ்த்த பூந்தொட்டியில் ஒரு வாசல் வெட்டினால்கூடப் போதும்.

இனி மூன்று வாரம் பட்டினி

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று பாட்டிமார் சொல்வது நமக்குப் பொருந்துமோ என்னவோ, கக்கிய பாம்புக்கு அப்படியே பொருந்தும். நீங்கள் செய்த தவறுகளிலேயே பெரியது, இரக்கப்பட்டு மூன்றாம் நாள் மறுபடி எலி போட்டதுதான். கக்கும்போது வயிற்றின் அமிலம் தொண்டை வழியே ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது. உடம்பின் நீரும் உப்புகளும் போய்விடுகின்றன. இவை திரும்பிச் சேர நாளாகும். அதற்குள் அடுத்த எலி போனால் அதுவும் திரும்பி வரும், புண் மேல் புண்ணாகும். ஒரே ஒரு தடவை கக்கியிருந்தால் இரண்டு வாரம் போதும் என்பேன். உங்களுக்கு மூன்று தடவை ஆகிவிட்டதால் மூன்று வாரம்.

பட்டினியில் செத்துவிடாதா என்று கேட்பீர்கள். நல்ல உடம்போடு இருக்கும் பால் பைத்தான் மாதக்கணக்கில் தானாகவே சாப்பிடாமல் இருக்கும். வளர்ப்பவர்களைப் பதறவைப்பதற்குப் பேர்போன பாம்பு அது. உங்களுடையது மெலிந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் செரிக்காத எலியால் எடை ஏறப்போவதில்லை. சுருண்டு உட்காரும் அளவுக்கு அகலமான கனத்த பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், எடை பார்த்து எழுதுங்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் 25 முதல் 30 கிராமுக்குள் ஒரு சுண்டெலி. அதற்குமேல் ஒரு கிராம் வேண்டாம். அது உள்ளே தங்கினால் பத்து நாள் கழித்து அதே அளவு. இப்படி மூன்று தடவை தங்கிய பிறகுதான் அளவை மெதுவாக ஏற்ற வேண்டும். நன்றாக வேட்டையாடுகிறதே, பசியோடு தேடுகிறதே என்று மனம் இளகாதீர்கள்.

மாத்திரையும் பாலும்

மெட்ரோனிடசோல் பாம்புகளுக்கு நாங்களும் எழுதும் மருந்துதான். ஆனால் பரிசோதனையில் அதற்குரிய கிருமி தெரிந்த பிறகு, எடை பார்த்து. வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 20 முதல் 40 மில்லிகிராம் என்ற கணக்கில் போகும். நீங்கள் கொடுத்தது 100 மில்லிகிராம். அரைக் கிலோவுக்குச் சற்று மேலுள்ள பாம்புக்கு. கிலோவுக்கு 180-ஐ நெருங்குகிறது. இவ்வளவு போனால் சில பாம்புகளுக்கு நரம்பு பாதித்துத் தலை ஒருபக்கம் சாய்வதும், புரட்டிப் போட்டால் நிமிர முடியாமல் போவதும் உண்டு. ஒரே தடவையோடு நிறுத்தினீர்களே, அது நல்லது. இன்னொரு ஆபத்தும் இருந்தது. பாம்பின் வாயைத் திறந்தால் கீழ்த்தாடையின் நடுவில், நாக்கு வெளியே வரும் இடத்தை ஒட்டி, ஒரு சின்னக் குழாய் திறந்து மூடுவது தெரியும். அது மூச்சுக்குழாய். சிரிஞ்சில் பீச்சியது அதற்குள் போயிருந்தால் நுரையீரலில் சளி பிடித்து, கக்கலைவிடப் பெரிய சிக்கலாகியிருக்கும். மூக்கில் நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுவது, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அம்மாவைக் கோபித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். “பால் பைத்தான்னு பேரை வச்சுட்டு, பால் குடிக்காதுன்னா எப்படிடா?” என்று அவர் கேட்டதைப் படித்து நான் சிரித்துவிட்டேன். பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது என்று சொல்லுங்கள். பாலூட்டாத பிராணிக்குப் பாலைச் செரிக்கும் வழி உடம்பில் இல்லை. புற்றில் ஊற்றும் பாலைப் பாம்பு குடிப்பதாக நாம் நம்புவது வேறு. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்திலும் வாய் வைக்கும். ஆனால் இரக்கத்தில் மூன்றாம் நாள் எலி வைத்த நீங்கள், இரக்கத்தில் பால் வைத்த அம்மாவைத் திட்டுவது நியாயமா?

கிரிப்டோவா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் இரண்டு கக்கலுக்கு ஏசி, எலி அளவு, கைபடுதல் மூன்றுமே போதுமான காரணங்கள். மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஓரிரு நாளில் முழு எலி அப்படியே திரும்பி வருவது ஒன்று. நான்காம் நாள் பாதி கரைந்து நாற்றத்தோடு வருவது இன்னொன்று. பின்னது உறைந்த எலியாலும் வரலாம், ஏற்கெனவே புண்ணான வயிற்றாலும் வரலாம், பாக்டீரியா, புழு, அமீபா போன்ற ஒட்டுண்ணிகளாலும் வரலாம். கிரிப்டோஸ்போரிடியம் அந்தப் பட்டியலில் ஒன்று. அது இரைப்பைச் சுவரைத் தடிக்கவைப்பதால், சாப்பிடாத நாளிலும் உடம்பின் நடுப்பகுதியில் ஒரு வீக்கம் தடவினால் தெரியும். உங்கள் பாம்புக்கு அப்படி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அந்த நோய்க்கு நிச்சயமான சிகிச்சை கிடையாது என்று நீங்கள் படித்தது உண்மை. ஒரு தடவை மலம் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடவும் முடியாது. கிருமி விட்டு விட்டுத்தான் வெளியேறும், இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடரில் கழுவினாலும் அது சாகாது. ஆகவே சந்தேகம் தீரும்வரை இந்தத் தொட்டியின் பொருள்கள் எதையும் வேறு பாம்பு வளர்ப்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தக் கிருமியால் பயமில்லை. சால்மொனெல்லா (மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பாக்டீரியா) வேறு கதை; ஆரோக்கியமான பாம்பிடமும் அது இருக்கும். பாம்பைத் தொட்டாலும், தொட்டியைத் துடைத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் பாம்புக் கிண்ணத்தைக் கழுவாதீர்கள். அக்காவின் ஒரு வயதுக் குழந்தை வந்து தங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் குழந்தை பாம்புத் தொட்டியின் பக்கமே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதம் இல்லாத பாம்பு

நான் வக்கீல் அல்ல. தொழிலுக்காகத் தெரிந்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். ‘வெளிநாட்டுப் பாம்புதானே, நம் சட்டம் இதற்குப் பொருந்தாது’ என்று உங்கள் நண்பர் சொன்னது பழைய கதை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, 2022-ல் திருத்தப்பட்டு, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினங்களும் அதன் நான்காவது அட்டவணைக்குள் வந்துவிட்டன. பால் பைத்தான் அதில் அடக்கம். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. கைமாறினால், இறந்தால், அதையும் தெரிவிக்க வேண்டும். அந்த அவகாசம் முடிந்துவிட்டது. உங்கள் நண்பரும் பதியவில்லை, நீங்களும் பதியவில்லை.

உங்களுக்கு மூன்று வழி தெரிகிறது. சும்மா இருந்துவிடுவது ஒன்று. இத்தகைய பாம்பு 20, 30 வருடம் வாழும், அத்தனை வருடமும் அக்கம்பக்கத்தாரின் ஒரு போன் அழைப்புக்குப் பயந்துகொண்டே இருக்க முடியுமா? இணையத்தில் விளம்பரம் போட்டு இன்னொருவர் தலையில் கட்டுவது இரண்டாவது; உங்கள் சிக்கலை ஆதாரத்தோடு நீங்களே எழுதிக் கொடுப்பதற்குச் சமம் அது. வன உயிரினச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலைப் பார்த்து, நண்பரோடு நடந்த செய்திப் பரிமாற்றம், படங்கள் எல்லாவற்றையும் காட்டி, அவர் மூலமாக நீங்களே வனத்துறையை அணுகுவது மூன்றாவது. பாம்பு உங்களிடமே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பிடிபட்டவராக நிற்பதற்கும், தானாக வந்தவராக நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மருத்துவர் விஷயத்தில் பயம் வேண்டாம். எங்கள் வேலை மேஜையில் இருக்கும் உயிரைப் பார்ப்பது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை கட்டாதீர்கள். முந்தைய உரிமையாளர் என்ன தீனி போட்டார், வேறு பாம்புகளோடு வைத்திருந்தாரா என்பது சிகிச்சைக்கே தேவை. தேதியை முன்னே போட்டுச் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்கவும் கூடாது. என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

காட்டில் விடுவது பற்றி. ஆப்பிரிக்கப் பாம்பு நம் காட்டில் பட்டினியால் சாகலாம். சாகாமல் பிழைத்தால் அதைவிட மோசம். அதன் வயிற்றில் இருப்பது இன்னதென்று தெரியாமல் நம் சாரைக்கும் மலைப்பாம்புக்கும் ஒட்டவைத்தவர் ஆவீர்கள். சட்டப்படியும் குற்றத்தின் மேல் குற்றம்.

மூன்று வாரம் காத்திருங்கள் என்று சொன்னது எலிக்குத்தான், மருத்துவருக்கு அல்ல. எடையில் 15 சதவீதம் போயிருக்கிறது, மூன்று முறை ஆகிவிட்டது. இந்த வாரமே போக வேண்டும். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகியவரா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். நாய், பூனை மட்டுமே பார்க்கும் இடத்தில் உங்கள் நேரமும் பாம்பின் தெம்பும்தான் வீணாகும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். தொட்டியின் நான்கு பக்கப் படங்கள், இரண்டு வெப்பமானிகளின் அளவுகள், எடைக் குறிப்பு, இரை போட்ட தேதிகள், கக்கிய தேதிகள், மாத்திரை கொடுத்த நாள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். தலையணை உறையில் பாம்பைப் போட்டு முடிச்சிட்டு, காற்றுத் துளையுள்ள பெட்டியில் வைத்து எடுத்துப்போங்கள். காரில் ஏசி வேண்டாம்.

வயிற்றில் ஒன்றுமே தங்காத பாம்பு மலம் போடாமலும் இருக்கலாம். அப்படியானால் இரைப்பையைக் கழுவி எடுத்த நீரை மருத்துவர் சோதிப்பார். மலம் கிடைத்தால் ஒரு சிறு டப்பாவில் அள்ளி ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள்.